தட்டில் வந்த போன்

நிச்சயதார்த்தத் தட்டில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், பட்டுச்சேலை, மல்லிகைப் பந்து இவற்றுக்கு நடுவில் புதுப் போன் ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. யாரோ அதன் தலையிலும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். போடிப் பக்கம் இப்போது இதுவும் சேர்ந்துகொண்டது. பூ வைக்க வருகிற மாப்பிள்ளை வீட்டார் போனையும் வைத்துவிடுகிறார்கள். நிச்சயத்துக்கும் முகூர்த்தத்துக்கும் நடுவில் மாதக்கணக்காக நாள் கிடக்கிறது, பேசிக்கொள்ள வேண்டாமா?

பாண்டியராஜ் எல்லாவற்றையும் தானே போட்டு, தயாராக வைத்துத்தான் கொடுத்திருந்தான். மெயில், பாஸ்வேர்டு, புது சிம், முதல் ஆளாக அவனுடைய நம்பர், திரையில் ஒரு பிள்ளையார். "நீ ஒண்ணும் பண்ண வேண்டாம் அனு, எடுத்தாப் பேசலாம்" என்றான். கட்டிக்கொள்ளப் போகிறவன் இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறானே என்று அனுசியாவுக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. அந்தக் குளிர்ச்சியில் வேறொன்றும் கேட்கத் தோன்றவில்லை. அவளுடைய பழைய போன் கண்ணாடி விரிந்து, பேசும்போது கன்னத்தைக் கீறும் நிலையில் இருந்தது. அதிலிருந்த சிம்மைக் கழற்றிப் புதியதில் இரண்டாவதாகச் செருகிக்கொண்டாள். பழையதை அவளுடைய அம்மா சந்திரவல்லி தெருவில் வந்த பழைய சாமான்காரனிடம் போட்டு ஒரு பிளாஸ்டிக் குடம் வாங்கிவிட்டாள்.

அனுசியா மகாராஜனிடம் வேலை பார்க்கிறாள். மகாராஜன் போடியில் ஏலக்காய் வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர். ஏல மையத்தில் உட்கார்ந்து வாங்குவது பாதி என்றால், மலையில் எஸ்டேட்டுக்கே ஆள் அனுப்பிப் பேசி வாங்குவது மீதிப் பாதி. அந்த மீதிப் பாதிக்கு அனுசியாதான் கண். காலையில் பறிப்புக்குப் போகும் பெண்களோடு ஜீப்பில் ஏறி, போடிமெட்டு தாண்டி, எந்த எஸ்டேட் ஸ்டோரில் காய் எப்படி உலர்ந்திருக்கிறது, பச்சை நிற்கிறதா வெளுத்ததா, பருவட்டான பெரிய காய் எவ்வளவு என்று பார்த்து, கையளவு மாதிரி எடுத்து வருவாள். பி.காம். படித்தவள்தான். ஆனாலும் இந்த வேலையை வாங்கிக் கொடுத்தது அவளுடைய மூக்கு. ஒரு காயை நகத்தால் பிளந்து மோந்தால் போதும், உலர்த்தும்போது சூடு கூடிப்போனதா இல்லையா என்று சொல்லிவிடுவாள்.

இந்த வியாபாரத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. மலைக்குப் போனேன் என்று சொல்லலாம், எந்த எஸ்டேட்டுக்கு என்று சொல்லக் கூடாது. நல்ல காய் இருக்கும் இடம் வெளியே தெரிந்தால் அடுத்த ஜீப்பில் வேறொரு வியாபாரி ஏறிவிடுவான். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு மகாராஜன் சொன்ன ஒரே புத்திமதி அதுதான். அதனால் பெற்ற தாயே கேட்டாலும் அனுசியா "மேல போய்ட்டு வந்தேன்" என்பதோடு வாயை மூடிக்கொள்வாள். சந்திரவல்லிக்கு அதில் தீராத மனத்தாங்கல். மகள் என்னவோ ராணுவ ரகசியத்தைக் காப்பாற்றுவதுபோல நடந்துகொள்கிறாளாம்.

பாண்டியராஜ் தேவாரத்தில் சொட்டுநீர்ப் பாசனச் சாமான்கள் விற்கிறான். தன்மையான ஆள். தினமும் பேசுவான். போனை எடுத்தால் ஊர் உலகமெல்லாம் முதலில் கேட்பது "எங்க இருக்க?" என்பதைத்தான். அவன் அதைக் கேட்டதே இல்லை. "மெட்டு எறங்கிட்டியா, பனி கூடவா?" என்பான். "இன்னைக்கு என்ன, சாயங்காலமாகியும் அங்கயே நிக்கிற? பசிக்கலையா?" என்பான். மனசுக்குப் பிடித்தவளைப் பற்றி மனசே சொல்லிவிடும்போல என்று அவள் நினைத்துக்கொண்டாள். பி.காம். படித்தவள் இப்படி நினைத்தாள் என்றால் யாரைக் குற்றம் சொல்வது.

ஐப்பசி மழை கொஞ்சம் விட்டிருந்த ஒரு காலையில் அவள் சாந்தம்பாறைக்கு அங்கிட்டு இருக்கும் ஒரு எஸ்டேட்டுக்குப் போனாள். இரண்டு நாள் முன்னால் பார்த்துவைத்த சரக்கு அது. அப்படிப்பட்ட பச்சையை அந்தப் பறிப்பில் அவள் வேறெங்கும் பார்க்கவில்லை. மகாராஜனுக்கு மாதிரி பிடித்துப்போய், விலையும் சொல்லி அனுப்பியிருந்தார். ஸ்டோர் சூப்பர்வைசர் அமாவாசை வாசலிலேயே கையை விரித்தார். அவர் தேவாரத்துக்காரர்தான், இருபது வருசம் மலையில் கிடந்ததில் பேச்சு பாதி மலையாளமாகிவிட்டது.

"என்ன மோளே, இப்ப வந்து நிக்கிற. சரக்கு போயல்லோ."

"யாருக்குப் போச்சு?"

"உங்க ஆளுக்குத்தான். சின்னச்சாமி. நேத்தே வந்து பேசி முடிச்சு லோடு ஏத்திட்டாரு. உனக்கு மாப்ள வழியில சொந்தமாமே? நீ பாத்துட்டு வந்து சொன்னேன்னுதான் சொன்னாரு."

சின்னச்சாமி பாண்டியராஜின் தாய்மாமன். போடியில் அவரும் ஏலக்காய் வியாபாரிதான். இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்ததே அவர். அனுசியா அவரிடம் சரக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பூப்பாறைப் பக்கம் அவள் பார்த்துவைத்த காய் ஒன்றும் சென்ற மாதம் இதேபோலக் கைமாறிப் போயிருந்தது. அதை அவள் நேரக்கூறு என்று விட்டிருந்தாள்.

மகாராஜன் கத்துகிற ஆள் இல்லை. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"யாருகிட்டயாச்சும் சொன்னியா ஆத்தா?"

"இல்ல முதலாளி."

"வீட்ல?"

"அம்மாகிட்டகூடச் சொல்லல."

"சின்னச்சாமி உனக்கு இனி மாமாதான?"

மகாராஜன் மேசையில் கிடந்த ஏலக்காயை ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டே சொன்னார்: "நான் உன்னைச் சந்தேகப்படல. ஆனா சரக்கு போயிருச்சுல்ல. கொஞ்ச நாளைக்கு நீ மேல போக வேண்டாம். கடையில இருந்து மெயிலுக்கெல்லாம் பதில் போடு."

சந்தேகப்படவில்லை என்று ஒருவர் சொன்னால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். அனுசியாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மலை என்பது அவளுக்குச் சம்பளத்தோடு சேர்ந்த விஷயம் மட்டும் இல்லை. ஜீப்பின் குலுக்கல், மெட்டில் முகத்தில் அடிக்கும் பனி, ஸ்டோர் கதவைத் திறந்ததும் நெஞ்சுவரை இறங்கும் அந்த மணம், அங்கே அவளுடைய வார்த்தைக்கு இருந்த மதிப்பு, இதையெல்லாம் விட்டுவிட்டுக் கடையின் மூலையில் உட்கார்ந்தால் அவள் வேறு யாரோ.

மறுநாள் அந்த மூலையில் உட்கார்ந்து வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் கேள்விகளுக்குப் பதில் அடித்துக்கொண்டிருந்தாள். காய்க்கு என்ன மருந்து அடித்தீர்கள், பறிப்பில் சின்னப் பிள்ளைகள் யாராவது உண்டா, பெண்களுக்குக் கழிப்பறை உண்டா. டீயில் போடும் காய்க்கு இத்தனை கேள்வி. அப்போது பாண்டியராஜ் கூப்பிட்டான்.

"என்ன அனு, இன்னைக்கு மலைக்குப் போகலையா? காலையில இருந்து கடையிலயே இருக்க?"

அவளுக்குச் சட்டென்று கை நின்றது. கடையில் உட்காரவைத்த செய்தியை அவள் வீட்டில்கூடச் சொல்லவில்லை. வழக்கம்போலக் கிளம்பி வந்திருந்தாள்.

"நான் கடையில இருக்கேன்னு யாரு சொன்னா?"

அவன் சிரித்தான். "போனு சொல்லுதுல்ல. மேப்புல புள்ளி வச்ச மாதிரி நீ எங்க இருக்கன்னு காட்டும். நான்தான் போட்டு வச்சேன். ஒத்தையா மலைக்குப் போற புள்ள, பத்திரமா இருக்கியான்னு பாக்க வேணாமா?"

"வேற யாரும் பாப்பாகளா?"

"யாரு பாக்கப் போறா? மாமா கடைப்பக்கம் வந்தாருன்னா அவருகிட்டக் காட்டுவேன். இம்புட்டு உசரத்துல சுத்திட்டு வர்றா பாருங்க மாமான்னு. அவருக்கும் பெருமைதான்."

பெருமையில் சொன்னான். அந்தக் குரலில் கள்ளம் துளியும் இல்லை, அதுதான் அவளை இன்னும் வதைத்தது. அந்தப் புள்ளி ஒரு எஸ்டேட்டில் நெடுநேரம் நின்றால் அங்கே நல்ல காய் இருக்கிறது என்று சின்னச்சாமிக்குத் தெரியாதா என்ன? அவள் வாயே திறக்காமல் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். முந்தானையில் முடிந்து வைத்ததைப் போன் அவிழ்த்துக் கொட்டியிருக்கிறது. இதை மகாராஜனிடம் சொன்னால், இருக்கிற கோபத்தில் அவர் நேரே போய்ச் சின்னச்சாமியைத்தான் பிடிப்பார், கல்யாணம் முறியும். சொல்லாவிட்டால் மலை போனது போனதுதான். பாண்டியராஜிடம் அப்போதே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "முதலாளி கூப்புடுறாரு, வைக்கிறேன்" என்று வைத்துவிட்டாள்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அழகுமலையிடம் போனாள். அவளுடைய பழைய போனுக்கு மூன்று தடவை உயிர் கொடுத்தவர் அவர்.

"இந்தப் புள்ளி காட்டுறதை நிறுத்தணும்ண்ணே."

அழகுமலை வாங்கித் தடவிப் பார்த்தார். "நிறுத்தலாம் தங்கச்சி. ஆனா இதுல இருக்கிற மெயில் கணக்கு மாப்ளையோடது. அவரு நெனச்சா மறுபடி போட்டுக்குவாரு. உன் போட்டோ, நீ சேமிச்ச நம்பரு, எல்லாம் அந்தக் கணக்குலதான் போய் விழுது."

"மொத்தமா அழிச்சிட்டா?"

"அழிச்சுத் தொறந்தா அவரு பாஸ்வேர்டைக் கேக்கும். அவரு வந்து சாவி குடுத்தாத்தான் கதவு தெறக்கும்."

கையில் வைத்திருப்பது அவள், சார்ஜ் போடுவது அவள். சொந்தம் மட்டும் அவளுடையதில்லை. "அப்ப எனக்குன்னு ஒரு போன் வேணும்ண்ணே" என்றாள். அதைச் சொன்னதும் அவளுக்கே கொஞ்சம் தெம்பு வந்தது.

அழகுமலை வியாபாரி. உடனே பளபளவென்று ஒன்றை எடுத்து வைத்தார். விலை மலிவு, பெட்டி பெரிசு. திறந்தவுடன் அதற்குள் விளையாட்டு, ஜோசியம், கடன், சந்தை என்று கூப்பிடாத விருந்தாளிகளாக ஆப்புகள் வரிசை கட்டின. பாதியை அழிக்க முடியவில்லை. டார்ச்சு ஒன்று இருந்தது, அது அவளுடைய போன் நம்பர்களையெல்லாம் பார்க்கட்டுமா என்று கேட்டது.

"வெளிச்சம் போடறதுக்கு எதுக்குண்ணே எங்க சித்தப்பா நம்பரு?"

"அதை வச்சுத்தான் அவன் பொழைக்கிறான். விலை எப்படிக் கொறையுதுங்கிற? அந்த ஓகேயை அமுக்கிட்டுப் போயிருவாக எல்லாரும்."

"நான் அமுக்கல."

அடுத்து பட்டன் போன் ஒன்றைக் காட்டினார். யாரும் பார்க்க முடியாது, ஆனால் அவளாலும் ஒன்றையும் பார்க்க முடியாது. மாதிரிக் காயைப் படம் எடுத்து மலையிலிருந்தே அனுப்ப வேண்டும், ஜீப்புக்காரருக்குக் காசு போட வேண்டும், மெயில் பார்க்க வேண்டும். அது ஆகாது என்று ஒதுக்கினாள்.

மூன்றாவதை அவளே சொன்னாள். மத்தியானம் கடையில் மெயிலுக்குப் பதில் தேடும்போது கண்ணில் பட்ட வெளிநாட்டுப் போன். எந்தப் பாகம் கெட்டாலும் ஒரு ஸ்க்ரூவைத் திருகி வீட்டிலேயே மாற்றிக்கொள்ளலாமாம். பேட்டரிக்குள் இருக்கும் உலோகத்தை எந்தச் சுரங்கத்திலிருந்து எடுத்தார்கள், அங்கே யார் வேலை செய்தார்கள் என்று அந்தக் கம்பெனியே சொல்கிறதாம். சில சுரங்கங்களில் சின்னப் பிள்ளைகள் மண்ணைத் தோண்டும் படத்தையும் அவள் பார்த்திருந்தாள். நாள் முழுக்க ஏலக்காய்க்காக "பிள்ளைகள் யாரும் இல்லை" என்று பதில் எழுதுகிறவளுக்கு, அதே கேள்வியைத் தன் கையில் இருப்பதைப் பார்த்து யாரும் கேட்டதில்லையே என்று உறுத்தியது.

"அண்ணே, நீங்க விக்கிற போன்ல இதெல்லாம் யாராச்சும் கேட்டிருக்காகளா?"

அழகுமலை தலையைச் சொறிந்தார். "கேமரா எத்தனை, தவணை உண்டா, கவர் ப்ரீயா. இதைத்தான் கேப்பாக. நீ சொல்ற போனு நல்ல போன்தான் தங்கச்சி. ஆனா நம்ம ஊருல விக்கல. யாரையாச்சும் பிடிச்சு வரவழைச்சாலும் டிஸ்ப்ளே போச்சுன்னா நான் எங்க போய் வாங்குவேன்? அப்பறம் நம்ம டவர் ஒத்துக்குமான்னும் தெரியல. மெட்டு தாண்டுனா கேரளா டவரு வேற. அங்க போயி செத்துப் போச்சுன்னா உனக்கு என்ன பிரயோசனம்?"

"அப்ப யோக்கியமான போனே நமக்கில்லையா?"

"முழு யோக்கியம்னு எதுவும் இல்ல. இருக்கிறதுல பாக்கலாம்."

அவளுக்கு அது புரிந்தது. மருந்தே அடிக்காத காய் என்று அவளும் எந்தக் கம்பெனிக்கும் எழுதியதில்லை. எவ்வளவு, எப்போது என்று உள்ளதைத்தான் எழுதுவாள். புதிதாக ஒன்று செய்ய மறுபடி மண்ணைத் தோண்ட வேண்டும், ஏற்கெனவே செய்ததை இன்னும் சில வருசம் ஓட்டினால் தோண்ட வேண்டியதில்லை. அழகுமலையிடம் உத்தமபாளையத்து டீச்சர் ஒருவர் பில்லோடு கொடுத்துவிட்டுப் போன பழைய போன் ஒன்று இருந்தது. பின்பக்கம் ஒரு மூலையில் அடிபட்டிருந்தது. கம்பெனி அதற்கு இன்னும் பல வருசம் அப்டேட் தரும், உதிரிப் பாகம் மதுரையிலேயே கிடைக்கும், தேவையில்லாத ஆப்பு அதிகம் கிடையாது என்றார். புது பேட்டரி போட்டுத் தருவதாகச் சொன்னார்.

அனுசியா பையிலிருந்து இரண்டு ஏலக்காயை எடுத்து மேசையில் வைத்து அந்தப் போனில் படம் எடுத்தாள். பிறகு தட்டில் வந்த போனிலும் எடுத்தாள். தட்டில் வந்தது காயை மரகதம் போலக் காட்டியது. டீச்சர் போன் உள்ளதை உள்ளபடி, லேசாக வெளுத்த பச்சையாகக் காட்டியது.

"இதையே குடுங்க" என்றாள்.

தீபாவளி போனஸ் அதில் போனது. அழகுமலை மெயில் திறந்து தருகிறேன் என்று கையை நீட்டினார். அவள் தரவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து தன் பெயரில், தான் மட்டும் அறிந்த பாஸ்வேர்டில், தானே திறந்தாள். இருக்கும் இடம் தெரியட்டுமா, நம்பர்களைப் பார்க்கட்டுமா, மைக்கைக் கேட்கட்டுமா என்று அது ஒவ்வொன்றாகக் கேட்டது. அவள் ஒவ்வொன்றையும் வாசித்து, வேண்டியதற்குச் சரி, வேண்டாததற்கு வேண்டாம் என்று போட்டாள். கல்யாணப் பேச்சில்கூட அவளை யாரும் இத்தனை தடவை சம்மதம் கேட்டதில்லை. கடைசியில் தன் பழைய சிம்மைக் கழற்றி இதில் போட்டுக்கொண்டாள்.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னாள். மாப்பிள்ளை போனைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றதும் சந்திரவல்லி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"தட்டுல வந்ததைத் திருப்பிக் குடுத்தா என்ன அர்த்தம்னு தெரியுமாடி? சம்பந்தம் வேண்டாம்னு அர்த்தம். பூவையும் சேலையையும் சேத்து வாங்கிட்டுப் போயிருவாக."

அது உண்மைதான். அனுசியா அந்தப் போனைப் பீரோவில் நிச்சயச் சேலைக்கு மேல் வைத்துப் பூட்டிவிட்டு மறுநாள் வேலைக்குப் போனாள். சார்ஜ் தீர்ந்து தானாக அடங்கிவிடும், அதற்குள் பேசுவதற்கு ஒரு வழி பிறக்கும் என்று நினைத்தாள். சந்திரவல்லி வேறு மாதிரி நினைத்தாள். போன் அணைந்து கிடந்தால் மாப்பிள்ளை என்ன நினைப்பார்? தினமும் மகள் கிளம்பிப் போனதும் பீரோவைத் திறந்து, அதைச் சுவாமி படத்துக்குப் பக்கத்தில் சார்ஜில் செருகுவாள், அவள் வரும் நேரத்தில் திரும்பப் பூட்டிவிடுவாள். அவன் கூப்பிட்டபோதெல்லாம் எடுத்து, "குளிக்கிறா மாப்ள", "தூங்குறா மாப்ள", "கோயிலுக்குப் போயிருக்கா மாப்ள" என்று சமாளித்தாள்.

பாண்டியராஜின் மேப்பிலோ புள்ளி வீட்டை விட்டு அசையவே இல்லை. குளிக்கிறவள் குளிக்கிறாள், தூங்குகிறவள் தூங்குகிறாள், கோயிலுக்குப் போனவளும் வீட்டுக்குள்ளேயே இருக்கிறாள். இப்படியே நாலைந்து நாள் ஆனதும் அவன் தேவாரத்திலிருந்து கிளம்பிவிட்டான்.

அனுசியா ஒரு நாள் வேலை முடிந்து வந்தபோது வாசலில் அவனுடைய பைக் நின்றது. உள்ளே அவன் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். மடியில் மாதுளைப் பை, கையில் ஹார்லிக்ஸ் பாட்டில். அவளைப் பார்த்ததும் எழுந்துவிட்டான்.

"உனக்கு ஒண்ணுமில்லையா?"

"எனக்கென்ன?"

"வீட்டை விட்டே நகரல. அத்தை ஒவ்வொரு தடவையும் ஒண்ணு சொல்றாக. ஏதோ பெரிய சீக்கு, மறைக்கிறாகன்னு நெனச்சுட்டேன். ரெண்டு நாளாத் தூக்கமே இல்ல."

கண் சிவந்துதான் இருந்தது. அனுசியாவுக்கு அவன்மேல் ஒரே நேரத்தில் கோபமும் பாசமும் வந்தன. சந்திரவல்லி காப்பி போடும் சாக்கில் அடுப்படிக்குள் புகுந்துகொண்டாள். காது மட்டும் வெளியே இருந்தது.

அனுசியா உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். சாந்தம்பாறைச் சரக்கு, அமாவாசை சொன்னது, முதலாளி மலைக்குப் போக வேண்டாம் என்றது. குரலை உயர்த்தவில்லை. அவன் முகம் வெளிறிப்போனது.

"மாமாவா? நான் சும்மா பெருமைக்குத்தான் காட்டுனேன். சத்தியமா அவரு அதை வச்சு..."

"நீங்க காட்டுனது பெருமைக்குத்தான். எனக்குத் தெரியும். ஆனா மலை போனது எனக்கு."

"சரி, இப்பவே நிறுத்திடுறேன்" என்று தன் போனை எடுத்தான்.

"நிறுத்துறதும் நீங்க, மறுபடி போடுறதும் நீங்க. அதுல நான் எங்க இருக்கேன்?"

அவன் கொஞ்சம் யோசித்தான். பிறகு, பெரிய நியாயம் ஒன்று கண்டுபிடித்தவன்போலச் சொன்னான்: "அப்ப என் புள்ளியும் உனக்குத் தெரியிற மாதிரி வச்சிருவோம். ரெண்டு பேருக்கும் சமமாப் போச்சு."

"எனக்கு வேணாம். நீங்க கடையில இருக்கீகளா, பைபாஸ்ல இருக்கீகளான்னு பாத்துக்கிட்டு இருக்கிறதா என் சோலி? நமக்குப் பேசிவச்சு இத்தனை மாசமாச்சு. ஒரு தடவையாச்சும் நான் எங்க இருக்கேன்னு என்னைக் கேட்டிருக்கீகளா?"

"தெரிஞ்சிருந்துச்சு. அதான் கேக்கல."

"கேட்டா நான் சொல்லியிருப்பேன். சொல்லக் கூடாத எடம்னா சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருப்பேன்."

அவள் எழுந்துபோய்ச் சுவாமி படத்துக்குப் பக்கத்தில் முழுச் சார்ஜோடு மினுங்கிக்கொண்டிருந்த போனைக் கழற்றி வந்து, மாதுளைப் பைக்குப் பக்கத்தில் வைத்தாள். அடுப்படியில் டம்ளர் ஒன்று விழுந்து உருண்டது.

"இது உங்க பேருல இருக்கிறது, நீங்களே வச்சுக்கங்க. சேலை என்கிட்டத்தான் இருக்கு, பூ வச்சதும் வச்சதுதான். சம்பந்தம் வேண்டாம்னு நான் சொல்லல. உங்க மாமாவும் உங்க வீடும் இதை எப்படி எடுத்துக்கிறதுங்கிறதை நீங்கதான் பாத்துக்கணும்."

பாண்டியராஜ் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். மூலையில் நிச்சயத்தன்று வைத்த குங்குமம் இன்னும் ஒட்டியிருந்தது. பிறகு எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். காப்பி குடிக்காமல் போனான். ஹார்லிக்ஸும் மாதுளையும் அங்கேயே இருந்தன, அவன் மறந்தானா விட்டுவிட்டுப் போனானா என்று தெரியவில்லை. சந்திரவல்லி அன்றைக்கு மகளோடு பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. மாதுளையை மட்டும் உரித்துக் கிண்ணத்தில் வைத்தாள்.

அடுத்த நாள் அனுசியா மகாராஜனிடம் உள்ளதைச் சொன்னாள். சின்னச்சாமியோடு சண்டைக்குப் போக வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். அவர் அவளுடைய போனை வாங்கி முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, "இதுல அந்தப் புள்ளி சமாச்சாரத்தை எனக்கு மட்டும் போட்டுத் தாயேன். உன்னை அனுப்பிட்டு நானும் பதறாம இருக்கலாம்ல" என்றார்.

"கூப்புட்டுக் கேளுங்க முதலாளி. உங்களுக்குச் சொல்லாம யாருக்குச் சொல்லப் போறேன்?"

அவர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். போனைத் திருப்பிக் கொடுத்தார். "திங்கக்கெழமை மேல போ" என்றார்.

மலை திரும்பக் கிடைத்துவிட்டது. அதற்காக முழுதாகச் சந்தோஷப்பட முடியவில்லை. தேவாரத்திலிருந்து ஒரு தகவலும் இல்லை. சின்னச்சாமி கோபமாக இருக்கிறார், பெண்ணுக்கு வாய் நீளம் என்கிறார் என்று மட்டும் யாரோ வந்து சொன்னார்கள். சந்திரவல்லி பீரோவைத் திறந்து நிச்சயச் சேலையைத் தடவிப் பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தாள். செய்தது சரிதான் என்று அனுசியாவுக்குத் தெரியும். தெரிந்தும் ராத்திரிகளில் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அது அடிக்காதா என்று ஏங்கினாள்.

திங்கட்கிழமை ஜீப்பில் ஏறினாள். மெட்டில் கேரளா டவர் வந்து ஒட்டிக்கொண்டது. எந்த எஸ்டேட்டுக்குப் போனாள் என்பதை நாமும் கேட்க வேண்டாம். ஸ்டோரில் காயை உள்ளங்கையில் பரப்பி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தபோது அவளுடைய சொந்த நம்பருக்கு அழைப்பு வந்தது. தேவாரத்துக் கடை நம்பர்.

எடுத்தாள்.

"எங்க இருக்க?" என்று கேட்டான் பாண்டியராஜ்.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. பக்கத்தில் நின்றவர்கள் பார்க்காதபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். உலகத்தில் எல்லோரும் எல்லோரையும் கேட்கிற கேள்வி. அவன் அதற்கு இத்தனை மாதம் எடுத்துக்கொண்டிருக்கிறான்.

"மலையில."

"எந்த..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். ஒரு சின்ன இருமல் கேட்டது.

"சரி. சாப்பிட்டியா?"

சாப்பிட்டேன் என்றாள் அனுசியா. கப்பைக் கிழங்கும் மீன் குழம்பும், காரம் கொஞ்சம் தூக்கல், அதோடு பச்சை மிளகாய் வேறு கடித்துவிட்டேன் என்று விவரமாகச் சொன்னாள்.